புன்டோவுக்கு லீனியா டி-ஜெட்டின் பின் டிஸ்க்: சுமையோடு ஏற்காடு இறங்கிப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபியட் கிராண்டே புன்டோவின் பின்சக்கரத்தில் இருக்கும் டிரம் பிரேக்கை (சுழலும் உருளைக்குள் ‘ஷூ’ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து பிடிப்பது) கழற்றிவிட்டு, அதே குடும்பத்து லீனியா டி-ஜெட் காரின் டிஸ்க் பிரேக்கை (சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது) மாட்டலாம். நன்றாக உட்காருகிறது, நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் மலை இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடி தளர்ந்துபோகிறதே என்பதுதான் உங்கள் கவலை என்றால், பணத்தை முதலில் பின்னால் கொண்டுபோய்ப் போடாதீர்கள். முன்சக்கரத்துக்குப் போடுங்கள், பிரேக் ஆயிலுக்குப் போடுங்கள். பின் டிஸ்க் அதற்கப்புறம்தான்.

நான் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யவில்லை. முன்பக்கத்தை மட்டும் சரிசெய்து, அந்தக் காபி சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த சீசன் தொடங்கும் முன் பின்பக்கத்தை மாற்றினேன். அதனால் எந்த வேலை எதைக் கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. பின் டிஸ்க் மாட்டிய புன்டோக்களின் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அலாய் வீலுக்குள் டிஸ்க் பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது. சுமை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினால் அது எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதியவர்கள் குறைவு. அதற்காகத்தான் இந்த நீளமான மதிப்புரை.

என் வண்டி 2011 மாடல் எமோஷன், 1.3 மல்டிஜெட் டீசல், 76 குதிரைத்திறன். அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ், முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக்கொடுக்கும் இபிடி இரண்டும் உண்டு. நாகலூர் பக்கம் எங்களுக்குச் சிறியதாக ஒரு காபித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறோம். நவம்பரில் பழம் பறிக்க ஆரம்பித்தால் பிப்ரவரி வரை ஓயாது. அந்த மாதங்களில் பின் சீட்டை மடித்து, ஐம்பது கிலோ மூட்டை நான்கை ஏற்றிக்கொண்டு சேலம் இறங்குவேன். லீ பஜாரில் சரக்கை இறக்கிவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் சாமான் வாங்கிக்கொண்டு சாயங்காலம் மேலே ஏறுவேன். ஏறும்போது பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. காலையில் இறங்குவதுதான் பரீட்சை.

அந்தப் பரீட்சை எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அடிவாரத்தை 400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,100 மீட்டர் கீழே வர வேண்டும், அதுவும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி. வண்டி, மூட்டைகள், நான், உடன் வரும் ஒருவர் என்று எல்லாம் சேர்த்து 1,500 கிலோ. இந்த எடை இவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 16 மெகாஜூல், மின்வாரியக் கணக்கில் நாலரை யூனிட். முக்கால் மணி நேரத்தில் இறங்குவதாக வைத்துக்கொண்டால், அந்த முக்கால் மணி நேரமும் குளியலறை வாட்டர் ஹீட்டர் மூன்று இடைவிடாமல் ஓடுவதற்குச் சமமான சூடு. இதில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதி மொத்தமும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்கியாக வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் வாங்க வேண்டிய பங்கையும் சேர்த்து அவர்கள் பிரேக் தலையில் கட்டுகிறார்கள்.

பிரேக்கில் இறங்கும் சூட்டிலும் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். பிரேக் மிதித்ததும் எடை முன்னால் சாய்கிறது. சரிவில் வண்டி ஏற்கெனவே முன்னால் சாய்ந்துதான் நிற்கிறது. அதனால்தான் சின்னக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று தொழிற்சாலையிலேயே முடிவு செய்கிறார்கள். புன்டோவின் முன் டிஸ்க் சாதாரணத் தட்டும் இல்லை. நடுவில் காற்று ஓட இடம்விட்ட இரட்டைத் தட்டு. ஆக, கம்பெனி கொடுத்த அமைப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாரம் தவறாமல் மலை, பின்னால் இருநூறு கிலோ என்ற என் உபயோகம்தான் சாதாரணமானதல்ல.

முன்பக்க வேலையைப் பற்றி முதலில். பலர் கவனிக்காமல் விடுவது டிஸ்க்கின் கனம். எந்த அளவுக்குக் கீழே தேயக்கூடாது என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். துருவைத் துடைத்துவிட்டு வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். என்னுடையது அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தேய்ந்த டிஸ்க்கின் மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கித் தரும் லேத்துக்குச் சேலத்தில் பஞ்சமில்லை, "ஒரு கட்டிங் விட்டா புதுசு மாதிரி ஆயிடும்" என்று சொல்வார்கள். சமவெளியில் ஓடும் வண்டிக்கு, கனம் மிச்சமிருந்தால் அது சரி. மலைக்கு வேண்டாம் என்பேன். சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது இரும்பின் எடைதான். எடையைக் குறைத்துவிட்டால் அதே சூட்டுக்கு டிஸ்க்கின் வெப்பநிலை இன்னும் மேலே போகும். புதிய டிஸ்க் ஜோடியாகவே வாங்கினேன்.

அப்புறம் பேட், அதாவது டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் உராய்வுக் கட்டை. பேட்டின் ஓரத்தில் நீளமாக ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும், கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது எழுத்து நன்றாகச் சூடானபின் எவ்வளவு என்பது. ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. கடைக்காரர் எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி, மலையில் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எழுத்தை. ‘எஃப்இ’ என்று இருந்தால் சூடானபின் பிடி இறங்குகிறது என்று பேட்டே ஒத்துக்கொள்கிறது. நான் ‘எஃப்எஃப்’ வாங்கினேன். ‘ஜி’ பேட் போட்டால் முன்பிடி கூடும், ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள விகிதம் மாறிவிடும். எனக்கு வேண்டியது அதிகப் பிடியை விட, கடைசி வளைவு வரை மாறாத பிடி.

மூன்றாவது பிரேக் ஆயில். இந்த மொத்தச் செலவில் மிகக் குறைந்த பணத்துக்கு மிக அதிகப் பலன் கொடுத்தது இதுதான் என்று அடித்துச் சொல்வேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் என்பது ஆயிலின் தர எண். டாட் 3 ஆயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்தபின் அது 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. டாட் 5.1 என்றால் 260, ஈரத்தோடு 180. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகமான கேலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் நீராவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. அப்போதுதான் பெடல் பஞ்சுபோல உள்ளே போய் நின்றுவிடுகிறது. ஏற்காட்டில் மூடுபனி அதிகம். இங்கே நிற்கும் வண்டியில் ஆயில் சீக்கிரமே ஈரம் குடிக்கும். நான் டாட் 4 ஊற்றினேன், ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் மாற்றிவிடுகிறேன். திறந்த பாட்டிலில் மிச்சமிருப்பதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதில்லை. பெயர் அடுத்தடுத்து இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கான் ஆயில், மற்றதோடு கலக்காது, ஏபிஎஸ் வண்டிக்கும் ஆகாது.

இந்த மூன்றும் செய்து, டிஸ்க், பேட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தை ஒட்டி ஆனது. அதன் பிறகு அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆளில்லாத நேரத்தில் பேட்டைப் பழக்கினோம். அறுபதில் ஓட்டி, பத்துக்கு வரும்வரை அழுத்தமாக மிதித்து, நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, இப்படிச் சிலமுறை செய்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுவது. சூடான டிஸ்க்கை மிதித்தபடியே நின்றால் பேட்டின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, பிற்பாடு பெடல் துடிக்கும். அந்த சீசனில் நான்கு மூட்டையோடு அடிவாரம் வந்து சேர்ந்தபோது மலை மேலே பெடல் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. முன்பெல்லாம் கடைசி வளைவுகளில் வரும் கருகல் வாடையும் இல்லை. இதோடு நிறுத்தியிருந்தாலும் போதும் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு மீதி இருந்த குறை ஒன்றுதான். பின்னால் சுமை இருப்பதால் பின்பிரேக்குக்கும் வழக்கத்தை விட அதிக வேலை. டிரம் சூடானால் விரிந்து, உள்ளே இருக்கும் ஷூவிலிருந்து விலகிப் போகும். அந்த இடைவெளியை மூட பெடல் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். மழைக்காலத்தில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் உலர நேரம் பிடிக்கும். தேய்மானம் பார்க்க வேண்டுமென்றால் டிரம்மைக் கழற்ற வேண்டும். டிஸ்க்கில் இந்த மூன்று தொல்லையும் குறைவு.

இங்கேதான் உறவுக்கார மாடல் உதவிக்கு வருகிறது. லீனியா செடான், புன்டோவின் அடித்தளத்தில் எழுந்த வண்டி. இரண்டும் 2009-ல் இந்தியாவுக்கு வந்தன, இரண்டும் புனே அருகே ராஞ்சங்காவ் தொழிற்சாலையில் உருவானவை. 2010-ல் லீனியாவில் 1.4 டர்போ பெட்ரோல் இன்ஜினோடு டி-ஜெட் மாடல் வந்தது, நான்கு சக்கரத்திலும் டிஸ்க்கோடு. 2015-ல் வந்த 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோவிலும் நான்கும் டிஸ்க்தான். அதாவது இந்த அடித்தளத்துக்குப் பின் டிஸ்க் எப்படி இருக்க வேண்டும் என்று கம்பெனி இன்ஜினியர்களே வரைந்து, சோதித்து, விற்றிருக்கிறார்கள். யாரோ வெல்டிங் வைத்து ஒட்டிய பிராக்கெட்டில் என் பின்சக்கரத்தை நம்பி விடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். உறவுக்கார மாடலின் பாகம் என்பதில் எனக்கிருக்கும் பிடிப்புக்கு முழுக் காரணம் இதுதான்.

பாகம் தேடுவதுதான் இந்த வேலையின் கடினமான பாதி. ஃபியட் கார் விற்பனை இங்கே நின்று வருடங்கள் ஆகிவிட்டன, டி-ஜெட் ஓடியதும் கொஞ்சம்தான். சேலத்தில் விசாரித்த இடங்களில் புன்டோவின் சாதாரணப் பாகங்கள் கிடைத்தன, டி-ஜெட்டின் பின் கேலிப்பர் கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டை வரை ஆள் விட்டுக் கேட்டோம். கடைசியில் வெளிமாநிலத்தில் பழைய பாகம் விற்கும் ஒருவரிடமிருந்து ஒரு செட் வந்தது. பார்சலைப் பிரித்தால் இரண்டும் இடதுபக்கக் கேலிப்பர். ‘மாட்டிக்கொள்ளலாம், போல்ட் ஒன்றுதான்’ என்றார் விற்றவர். போல்ட் ஒன்றாக இருக்கலாம். ஆனால் பக்கம் மாற்றி மாட்டினால், ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) உதவும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலேதான் நிற்கும், நிப்பிள் வழியாக வெளியே வரவே வராது. பலமுறை பேசிய பிறகுதான் மாற்றிக் கொடுத்தார். பழைய கேலிப்பர் வாங்கினால் படத்தில் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள், பிஸ்டனில் துருப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், ஹேண்ட்பிரேக் கை தானாகத் திரும்பி வருகிறதா என்று வீடியோ கேளுங்கள். டிஸ்க், பேட், ரப்பர் சீல், ஹோஸ் இவற்றைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். பிராக்கெட்டும் தூசித் தகடும் மட்டும் பழையது போதும், வளையாமல் இருந்தால் சரி.

வேலை நடந்தது சேலத்தில், ஐந்து ரோட்டிலிருந்து சூரமங்கலம் போகும் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில். இரண்டு லிஃப்ட், ஒரு ஸ்கேனர், பேச்சைக் குறைத்து வேலையைச் செய்கிற ஒரு இளைஞர். நான் பார்த்த மற்ற இடங்களில் ‘மாட்டிடலாம் மேடம், ஒண்ணும் பிரச்சினை இல்லை’ என்றார்கள். இவர் மட்டும் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, என் பாகங்களை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அக்கா, இந்தக் கேலிப்பர்ல ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்து இருக்கு. பிஸ்டனை அமுக்கினா உள்ளே போகாது, திருகிக்கிட்டே அமுக்கணும். அதுக்கு டூல் இருக்கு நம்மகிட்ட. வேற எங்கயாவது பேட் மாத்தினீங்கன்னா சி கிளாம்ப் போட விட்டுடாதீங்க, உள்ள இருக்கற திருகு ஒடைஞ்சிடும்."

"பழைய ஹேண்ட்பிரேக் கேபிளையே போட்டுக்கலாமா தம்பி?"

"வேணாங்க்கா. டிரம்முக்கு வேற நீளம், வேற முனை. இழுத்துக் கட்டினா இன்னைக்கு நிக்கும், ஒரு மாசத்துல தொங்கிடும். மலையில நிறுத்துற வண்டி, அதுல விளையாட வேண்டாம்."

கேபிள் வரக் காத்திருந்தோம். அந்த நாட்களில் வண்டியைப் பாதிக் கழற்றிப் போடாமல் ஓட்டக்கூடிய நிலையில் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இந்த ஒரு விஷயத்துக்கே அந்தப் பட்டறைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மாட்டும்போது அவர் கவனித்த இன்னொன்றை இங்கே கட்டாயம் எழுத வேண்டும். டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைவிட டிஸ்க் கேலிப்பரின் பிஸ்டன் பெரியது. அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அதே அளவாக இருந்தால் பெடல் பயணம் நீளும். மாஸ்டர் சிலிண்டரின் உடம்பில் உள்விட்டம் வார்த்திருக்கும். உறவுக்கார மாடலின் சிலிண்டரோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும். என் வண்டியில் பெடல் முன்பைவிட ஒரு விரல்கனம் அதிகம் போகிறது, ஆனால் அழுத்தம் உறுதியாக இருக்கிறது. இரண்டு நாளில் கால் பழகிவிட்டது. ஏர் எடுக்கும்போது ஸ்கேனரைப் போட்டு ஏபிஎஸ் பம்பையும் ஓடவிட்டு எடுத்தார். சாதாரணமாகப் பெடலை அடித்து எடுத்தால் பம்புக்குள் சிக்கிய காற்று வெளியே வராமல் போகலாம்.

ஏபிஎஸ் இல்லாத மாடல் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். பின்பிரேக் முன்பிரேக்குக்கு முந்திக்கொண்டு பூட்டினால் வண்டியின் வால் சுழலும். ஈரமான கொண்டை ஊசியில் வால் சுழன்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இபிடி உள்ள வண்டியில் பின்சக்கரம் வழுக்க ஆரம்பிப்பதை சென்சார் பார்த்துப் பின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அது இல்லாத வண்டியில் அழுத்தத்தைப் பிரிப்பது வெறும் வால்வு, அதுவும் டிரம்முக்கென்று அளவு வைத்தது. அப்படிப்பட்ட வண்டியில் பின் டிஸ்க் மாட்டச் சொல்லி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். என் வண்டியையும் மலைக்கு ஏற்றும் முன், தண்ணீர் விட்ட காலி மைதானத்தில் காலியாகவும் சுமையோடும் அழுத்தி மிதித்துப் பார்த்தோம். நேராக நின்றது.

இனி இறக்கத்தில் எப்படி இருக்கிறது என்பதற்கு வருகிறேன். ஒருமுறை அழுத்தி மிதித்தால் வண்டி நிற்கும் தூரம் குறைந்ததா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. பழைய டிரம்மோடும் அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கத்தான் செய்தது. டயரின் பிடி அவ்வளவுதான் என்று அர்த்தம், அதற்குமேல் டிஸ்க்கைப் பெரிதாக்கி என்ன பயன்? நல்ல டயர் அந்த வேலையைச் செய்யும். மாறியது வேறு. பத்தாவது வளைவுக்குப் பிறகும் பெடல் அதே உயரத்தில் கிடைக்கிறது. சுமையோடு இறங்கும்போது வண்டியின் மூக்கு முன்போல அவ்வளவு குத்துவதில்லை, நான்கு சக்கரமும் சேர்ந்து உட்காருவது போன்ற உணர்வு. எதிரே பஸ் ஏறி வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் நிற்க வேண்டும். குரங்குக்குப் பொரி போட வளைவிலேயே நிறுத்துகிற சுற்றுலாக் கார்களுக்கும் நிற்க வேண்டும். அப்படித் திடீரென்று நின்று கிளம்பும் இறக்கங்களில்தான் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. கோடை விழா சமயத்தில் இறங்கும் வண்டிகளை இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். முன்னும் பின்னும் வண்டியாக ஊர்ந்து இறங்கும் அந்த நாட்களில் இன்ஜின் இழுவை அவ்வளவாக உதவாது, முழுக்கப் பிரேக்தான். அந்த வரிசையில் எனக்கு முன்னால் போன வண்டிகளிலிருந்து கருகல் வாடை வந்தது. என் பெடலில் மாற்றம் தெரியவில்லை.

மழையில் தெளிவான முன்னேற்றம். தண்ணீரில் இறங்கி ஏறியதும் இரண்டு மிதியில் டிஸ்க் உலர்ந்துவிடுகிறது. காலைப் பனியில் நின்ற வண்டியில் டிஸ்க் மேல் மெல்லிய துரு படிந்து, முதல் சில மிதிகளில் கரகரவென்று சத்தம் வரும். அது தேய்ந்து போய்விடும், பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் சுமையில்லாமல் மெதுவாகவே ஓடும் வண்டியில் பின் டிஸ்க்குக்கு வேலை போதாமல் துரு நிரந்தரமாகத் தங்கக்கூடும்.

ஹேண்ட்பிரேக்கில் எனக்கு மனக்குறை உண்டு. நிறுத்திவைப்பதற்கு டிரம்தான் கெட்டிக்காரன். சக்கரம் உருள முயன்றால் அந்த உருட்டலே ஷூவை இன்னும் இறுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, நீங்கள் இழுத்த அளவுக்குத்தான் பிடி. எங்கள் வீட்டு வாசல் நல்ல சரிவு. முன்பு ஹேண்ட்பிரேக்கை நான்கு கிளிக் இழுத்தால் போதும், இப்போது ஆறு ஏழு வேண்டியிருக்கிறது. இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். மலை இறங்கி முடித்து, டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும்போது அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்துகிறோம். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குகிறோம். டிஸ்க் ஆற ஆறச் சுருங்கும், பிடி தளரும். சரிவாக இருந்தால் ஆளில்லாத வண்டி மெல்ல நகர ஆரம்பிக்கலாம். ஆகவே, பின் டிஸ்க் வண்டியைச் சூட்டோடு நிறுத்தினால் கியரில் போட்டு நிறுத்துங்கள், சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள், கொஞ்ச நேரம் கழித்து ஹேண்ட்பிரேக்கை இன்னொருமுறை இழுத்துவிடுங்கள். இதைப் படிக்கிற ஒருவராவது இந்தப் பழக்கத்தை ஏற்றுக்கொண்டால் எனக்குத் திருப்தி.

பின்பக்கத்துக்கு மட்டும் பாகம், கூலி, பார்சல் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது. முன்பக்கத்துக்கு ஆனதைப் போல மூன்று மடங்கு. கிடைத்த பலனை எடைபோட்டால், மலை இறக்கத்தில் எனக்கு வந்த நிம்மதியில் பெரும்பகுதி அந்தப் பத்தாயிரத்தில் வந்தது. மீதிதான் முப்பதாயிரத்தில். சுமை ஏற்றாமல் எப்போதாவது ஏற்காடு போய்வருகிற குடும்பம் என்றால் பின் டிஸ்க் தேவையே இல்லை. நல்ல பேட், புது ஆயில், இரண்டாவது கியர், வளைவுக்கு முன்னால் நேரான சாலையிலேயே மிதித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் காலை எடுத்துவிடுவது, இவை போதும். வாரா வாரம் பாரத்தோடு இறங்குகிறவர், அல்லது தொப்பூர் கணவாயும் ஏற்காடும் மாறி மாறி ஓடுகிறவர், ஏபிஎஸ் வண்டி வைத்திருந்தால், பாகம் நல்ல நிலையில் கிடைத்தால், செய்யலாம். டிஸ்க்கில் துளை போட்டு விற்கிறார்களே, அது வேண்டாம். சாலை வண்டிக்கு அதில் லாபம் இல்லை, தொடர்ந்து சூடாகும்போது துளையிலிருந்து விரிசல் கிளம்பும்.

சட்ட விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பாகம் அதே கம்பெனியுடையது என்பது நமக்கு மனநிம்மதி, சட்டத்துக்கு அது பதில் ஆகாது. நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பட்டறை ரசீதையும் படங்களையும் இணைத்து அனுப்பிவைத்தேன். என் வண்டிக்கு 2026-ல் பதினைந்து வருடம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்கும்போது ஆய்வாளர் பழைய அமைப்பையே கேட்டால் மாட்டிக் காட்ட வேண்டும். அதற்காகக் கழற்றிய டிரம், ஷூ, வீல் சிலிண்டர், கேபிள் எல்லாவற்றையும் கிரீஸ் தடவி, சாக்கில் கட்டி, வலது இடது என்று எழுதிவைத்திருக்கிறேன். விலைக்குக் கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். நீங்களும் விற்றுவிடாதீர்கள்.